மிச்சமில்லாத கணக்கு

காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சின்ன கேரவன் ஒன்றின் கதவைத் திறந்தால் பெரும்பாலோர் கண் முதலில் அடுப்புக்குப் போகும். அப்புறம் ஃபிரிட்ஜ், ஜன்னல் திரை, விளக்கு. என் கண் மேசையின் காலைத்தான் தேடும். அது எப்படி நிற்கிறது, எங்கே மடங்குகிறது, மடங்கிய பிறகு எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துவிட்டால் அந்த வண்டியைச் செய்தவரின் கைத்திறன் பாதி விளங்கிவிடும். ஏனென்றால் இருட்டியதும் அந்த மேசைதான் கட்டிலாகப் போகிறது. பகலில் உட்கார்ந்து சாப்பிட்ட இடத்திலேயே இரவில் நீட்டிப் படுக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி மூலை ஒதுக்க அங்கே இடம் கிடையாது. ஒரே இடத்தை இரண்டு வேலைக்குப் பழக்குகிற இந்தக் கலை எனக்கு வெகுநாளாகப் பிடித்தமானது.

உட்காருவதும் படுப்பதும் சுலபத்தில் ஒத்துப்போகாத இரண்டு காரியங்கள். நாற்காலியில் உட்காருவதுபோல் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டுமானால் இருக்கையின் ஆழம் 45 முதல் 50 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் முதுகு சாய்மானத்தைத் தொடாது. படுப்பதற்கோ ஒடுங்கிப் படுத்தாலும் 60 சென்டிமீட்டர் வேண்டும். புரண்டு படுக்கிறவருக்கு 70 கூடப் போதாது. இருக்கை பின்பக்கமாக இம்மி சரிந்திருந்தால் உட்காரச் சுகம். அதே சரிவு படுக்கையில் இருந்தால் விடியவிடியச் சுவர்ப்பக்கம் உருள வேண்டியதுதான். உட்கார இறுக்கமான ஃபோம் நல்லது, படுக்கச் சற்று இளகியது நல்லது. ஒரே பலகை, ஒரே மெத்தை இந்த எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

காலைத் தொங்கவிட்டு உட்காரும் வழக்கத்தால் வந்த சிக்கல் இது. நம் ஊர்த் திண்ணையில் இது எழுவதே இல்லை. சம்மணம் போட்டு உட்காருகிறவருக்கு இரண்டரை, மூன்றடி ஆழம் தொந்தரவில்லை, தூணிலோ சுவரிலோ சாய்ந்துகொள்ளலாம். அதே ஆழத்தில் அப்படியே துண்டை விரித்துத் தலை சாய்க்கலாம். எதையும் மடிக்க, இழுக்க வேண்டியதில்லை. மேசை, கத்தி, கரண்டி என்று எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும் மக்கள், இரண்டு மீட்டர் அகலமுள்ள வண்டிக்குள் வீட்டைக் கொண்டுபோக நினைத்தபோதுதான் கீலும் கொண்டியும் தேவைப்பட்டன. அந்தத் தேவையிலிருந்து பிறந்த வேலைப்பாடு அத்தனையும் ரசிக்கத் தக்கது.

இதன் மூதாதை சாலையில் ஓடவில்லை, தண்டவாளத்தில் ஓடியது. அமெரிக்காவின் ஜார்ஜ் புல்மன் தம் தூங்கும் ரயில்பெட்டிக்காக இரண்டு காப்புரிமைகள் பெற்றார். மடித்து மேலே ஏற்றிவிடும் படுக்கைக்கு 1864-இல் ஒன்று, எதிரெதிர் இருக்கைகளின் மெத்தைகளை இழுத்து ஒன்றாகச் சேர்த்துக் கீழ்ப்படுக்கை ஆக்கும் முறைக்கு 1865-இல் மற்றொன்று. இன்று உலகில் எந்தக் கேரவன் மேசையைக் கட்டிலாக்கினாலும் அந்த இரண்டாவது யோசனையின் வழியில்தான் நடக்கிறது. ஆனால் நான் அதிகம் வியப்பது முதலாவதை. பகலில் கூரையோரமாகச் சாய்ந்து மூடிக்கொள்ளும் அந்த மேல்படுக்கையின் வயிற்றுக்குள்ளேயே மெத்தை, போர்வை, தலையணை எல்லாம் அடங்கிவிடும். படுக்கை மறைகிற இடத்திலேயே விரிப்புகளும் மறைகின்றன. கட்டிலை மடக்கக் கண்டுபிடித்தவர்கள் ஏராளம். விடிந்ததும் போர்வை எங்கே போகும் என்று யோசித்தவர்கள் கொஞ்சம்தான்.

புல்மன் பெட்டியில் இந்த மாற்றத்தைச் செய்ய ஆள் இருந்தது. பெரும்பாலும் கறுப்பினத்தவரான பணியாளர்கள் இரவில் படுக்கை விரித்து, காலையில் மடித்து வைத்தார்கள். 1925-இல் அவர்கள் அமைத்த தொழிற்சங்கம் அமெரிக்க வரலாற்றில் தனி இடம் பெற்றது. கேரவனில் அப்படி யாரும் இல்லை. படுக்கை போடுகிறவரும் அதில் படுக்கிறவரும் ஒரே ஆள். அதுவும் நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு வந்தவர். ஆகவே அந்த வேலை தனி ஒருவரால், மங்கிய விளக்கில், வெளியே இறங்காமல், சில நிமிடத்தில் முடிய வேண்டும். ஒரு வடிவமைப்பை மதிப்பிட நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இது.

1936-இல் வாலி பையம் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்ற கேரவனில் இந்த உத்தி நன்றாகவே ஊன்றிவிட்டது. எஃகுக் குழாயில் சட்டம் அமைத்த சாப்பாட்டு மேசைப் பகுதி இரவில் படுக்கையாகும். அதனால் நாலு பேர் படுக்க முடிந்தது. விலை 1,200 டாலர். அதன் பளபளக்கும் அலுமினிய உடலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். என் மதிப்பு அந்தக் குழாய்ச் சட்டத்துக்கு. ஜெர்மனியில் 1957-இல் எரிபா கேரவன்களைத் தொடங்கிய எரிக் பாகெம், போர்க்காலத்தில் நாட்டர் என்ற ராக்கெட் விமானத்தை வடிவமைத்தவர். கிராம் கணக்கில் எடை பார்த்துப் பழகிய கை கேரவனில் ஒரு பலகையைக்கூடச் சும்மா இருக்க விடாது.

ஆனாலும் இந்தக் கலையின் மிக இனிய மாதிரி எது என்று கேட்டால் நான் கனடாவுக்குத்தான் போவேன். வின்னிபெக் நகரில் 1968-இல் ரே ஒலெக்கோ செய்த போலர். ஃபைபர் கிளாஸில் கழிவுநீர்த் தொட்டி வடிவமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. மேல்பாதி ஒரு வார்ப்பு, கீழ்ப்பாதி ஒரு வார்ப்பு, இடுப்பில் இரண்டையும் சேர்த்துவிட்டால் வண்டி. உருண்டையான அந்தத் தோற்றம் பௌலர் தொப்பியை நினைவூட்டியதால் பெயரும் அப்படியே அமைந்தது. எடை அரை டன் அளவுதான், சிறிய காரே இழுத்துவிடும். 13 அடி வண்டி என்பார்கள். அந்தப் பதின்மூன்றில் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைச் சட்டமும் அடக்கம். ஆள் புழங்கும் பெட்டி ஏறக்குறைய 10 அடி நீளம், ஆறரை அடி அகலம். அதற்குள் அடுப்பு, கைகழுவும் தொட்டி, துணி அலமாரி, நாலு பேருக்கு உட்கார இடம், நாலு பேருக்குப் படுக்க இடம்.

இது முடிவதற்குக் காரணம், போலர் மாற்றத்தை ஒரே இடத்தில் குவிக்கவில்லை என்பதுதான். பின்புறத்தில் மேசையும் எதிரெதிர் இருக்கைகளும், முன்புறத்தில் ஒரு சின்ன சோபா. இரண்டும் தனித்தனியாக உருமாறும், இரண்டும் வேறு வேறு முறையில். மழைநாளில் ஒருவர் சீக்கிரம் தூங்க வேண்டும், மற்றவர் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும் என்றால் சண்டை இல்லை. மேசை ஒன்றையே நம்பியிருக்கும் வண்டிகளில் முதல் கொட்டாவி விட்டவர் சொன்னதுதான் எல்லோருக்கும் சட்டம்.

பின்புறத்தில் இருக்கைகள் வண்டியின் இரு பக்கச் சுவரையும் ஒட்டி இருக்கும். நடுவே மேசை, அதன் ஒரு முனை பின்சுவரில் மாட்டியிருக்கும், மறுமுனைக்கு ஒற்றைக் கால். படுக்கும் நேரம் வந்ததும் மேசையைச் சற்றுத் தூக்கிச் சுவரிலிருந்து விடுவித்து, காலை மடித்து, இருக்கைகளின் உள்விளிம்பில் ஓடும் சின்ன விளிம்புச் சட்டங்களின்மேல் இறக்கி வைக்க வேண்டும். பலகை ‘டக்’கென்று உட்கார்ந்து இருக்கைப் பலகைகளோடு ஒரே மட்டமாகிவிடும். அப்புறம் சுவரில் சார்த்தியிருந்த இரண்டு சாய்மான மெத்தைகளையும் எடுத்து நடுவில் படுக்கப் போட்டால் தீர்ந்தது.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இருக்கை ஒவ்வொன்றும் சாய்மானம் உட்பட 55 சென்டிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். நடு இடைவெளி 80. கூட்டினால் 190, ஆறடி ஆள் கால் நீட்டலாம். இப்போது அந்த 80 சென்டிமீட்டர் பள்ளத்தை நிரப்ப மெத்தை வேண்டும். சாய்மானம் ஒவ்வொன்றின் உயரமும் 40 என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டதும் 80 நிறைந்துவிடும். உட்காருகிறவரின் முதுகுக்கு 40 சென்டிமீட்டர் உயரம் சரியான தாங்கல். எதிரெதிரே உட்காரும் இருவரின் முழங்கால்களுக்கு 80 சென்டிமீட்டர் தாராளம். ஆக முதுகின் உயரமும் முழங்காலின் இடைவெளியும் படுக்கையின் நீளமும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. ஓர் அளவை மாற்றினால் மற்றவை கோணிக்கொள்ளும். சாய்மானம் 35 என்று வைத்துவிட்டால் படுக்கையின் நடுவில் பத்து சென்டிமீட்டர் வாய் பிளந்து நிற்கும், அதை அடைக்கத் தனியாக ஒரு துண்டு மெத்தை வேண்டும், பகலில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் காலுக்கடியில் போட்டு மிதித்துக்கொண்டிருப்பார்கள். உபரியாக ஒரு துண்டு மிஞ்சும் வண்டியை நான் நல்ல வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. பகலில் வேலை செய்யும் பொருள் எல்லாம் இரவிலும் வேலை செய்ய வேண்டும், இரண்டு நேரத்திலும் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

முன்புறச் சோபாவின் உத்தி இதைவிட அழகு. தமிழ் வாசகர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம், ராத்திரி ரயிலில் போன நாம் ஒவ்வொருவரும் நம் கையாலேயே அதைச் செய்திருக்கிறோம். சோபாவின் சாய்மானத்தைத் தூக்கி மேலே நிறுத்தினால் அதுவே மேல்படுக்கை. நம் ஸ்லீப்பர் பெட்டியின் மிடில் பெர்த்தும் அப்படித்தான். சென்னை பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலையும் வின்னிபெக் பட்டறையும் ஒன்றையொன்று பார்த்துச் செய்தவை என்று நான் சொல்ல வரவில்லை. குறுகிய இடம் இரண்டு பேரையும் ஒரே விடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

மிடில் பெர்த்தை நிதானமாகக் கவனித்தால் அதன் நேர்த்தி பிடிபடும். பலகையின் மேல்விளிம்பில் கீல். பகலில் அது தொங்குகிறது, நாம் அதில் சாய்கிறோம். இரவில் கீழ்விளிம்பைப் பிடித்துத் தூக்கிச் சங்கிலியில் மாட்டுகிறோம். பகலில் முதுகு சாய்ந்த அதே ரெக்சின் முகம் இப்போது மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே முகத்தில்தான் இரவில் முதுகு படுகிறது. மெத்தையைத் திருப்பிப் போடத் தேவையில்லை, கழற்றத் தேவையில்லை. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. சாய்மானம் இடம்பெயர்ந்ததும் அதன் கனம் அளவுக்குக் கீழ் பெர்த் அகலமாகிறது. உட்கார ஆழம் குறைவாக, படுக்க ஆழம் அதிகமாக வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அந்த முரண்பாடு ஒரே அசைவில் தீர்ந்துபோகிறது. ஒரு கீல், இரண்டு சங்கிலி, அவ்வளவுதான் செலவு. இரவு பத்து மணிக்கு முன் யார் தூக்குவது என்ற வழக்கு மட்டும் எந்தத் தச்சராலும் தீர்க்க முடியாதது. அதற்கு ரயில்வேயே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது.

சைடு லோயர் வேறு சாதி. அது மேசையில்லாத புல்மன். எதிரெதிர் இருக்கைகளின் சாய்மானங்கள் மடிந்து நடுவில் வந்து படுக்கின்றன. இங்கும் உபரி இல்லை. ஆனால் இரண்டு சாய்மானமும் சந்திக்கும் கோடு இடுப்புக்கு நேராக வருகிறது. ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்தாலும் காலையில் இடுப்பு சொல்லிவிடும். இப்போது சில பெட்டிகளில் ஜன்னலோரம் மெத்தை வைத்த தனிப் பலகை ஒன்று செருகியிருக்கிறார்கள், இழுத்துப் பரப்பிவிட்டால் பிளவு மூடிவிடும். படுக்கிறவருக்குப் பெரிய ஆறுதல், சந்தேகமில்லை. நான் சொன்ன கணக்கில் அது உபரித் துண்டுதான். ஆனால் பகலில் ஒதுங்க அதற்கென்று ஓரிடம் கொடுத்திருப்பதால் மன்னித்துவிடலாம்.

பொருத்துக் கோடு எங்கே விழுகிறது என்பதை வாங்குகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை, அதனால் தயாரிப்பாளர்களும் மெனக்கெடுவதில்லை. நாலு மெத்தை சேர்ந்து ஒரு படுக்கை ஆகும்போது கோடுகள் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் வராமல் தொடைக்கடியிலோ முதுகின் குழிவிலோ வந்தால் உடம்புக்குத் தெரியாது. இருக்கை மெத்தையின் முன்விளிம்பை உருட்டிவிடுவது உட்காருகிறவரின் தொடைக்கு இதம், ஆனால் அந்த உருட்டு இரவில் பள்ளமாகிறது. கெட்டிக்காரத் தையற்காரர் விளிம்பை மேல்பக்கம் மட்டும் இம்மி சரித்து, கீழ்ப்பாதியைச் செங்குத்தாக விட்டிருப்பார். அந்தத் தையலைக் கையால் தடவிப் பார்க்கும்போது செய்தவரின் அக்கறை தெரியும்.

பழைய அமெரிக்கக் கேரவன்களில் கௌச்சோ என்று ஒரு சோபா உண்டு. அதன் அடியில் பலகை இருக்காது, ரீப்பர்கள் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று பின்சட்டத்தில் அறையப்பட்டவை, இடையிலுள்ளவை முன்சட்டத்தில் அறையப்பட்டவை. இரண்டு கை விரல்களைக் கோத்துப் பிரிப்பதுபோல முன்சட்டத்தை இழுத்தால் ரீப்பர்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நீளும், முன்கால் தரையில் ஊன்றி நிற்கும். 55 சென்டிமீட்டர் சோபா ஒரு மீட்டர் கட்டில் ஆகிவிடும். புதிதாகத் தோன்றிய பாதிக்கு மெத்தை, வேறென்ன, சாய்மானம்தான். இரும்புக் கீல்கூட வேண்டாத வேலை இது. ரீப்பர்களின் பக்கவாட்டை வழவழப்பாக இழைத்து மெழுகு தேய்த்திருந்தால் குழந்தைகூட இழுத்துவிடும். அவசரமாக அறுத்துப் போட்டிருந்தால் மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகிக்கொள்ளும். இடைவெளிகள் வழியாகக் காற்றும் போகும். சின்ன வண்டியில் இது சாதாரண விஷயமில்லை. மூடிய பெட்டிக்குள் மூன்று நாலு பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த பரப்பையெல்லாம் தேடிப்போய்ப் படியும். மெத்தைக்கடியில் முழுப் பிளைவுட் இருந்தால் அங்கே நனைந்து பூஞ்சை பிடிக்கும். ரீப்பருக்கு அந்த நோய் வருவதில்லை.

இந்த மாற்று வேலையே வேண்டாம் என்று துறந்தவர்களும் உண்டு. கண்ணீர்த்துளி வடிவக் குட்டி டிரெய்லர்களில் உள்ளே வெறும் படுக்கைதான், சமையல் பின்கதவைத் தூக்கி வெளியே நின்று. தெளிவான முடிவு, வானம் தெளிந்திருக்கும்வரை நன்றாக இருக்கும். இரண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால் படுத்தே கிடக்க வேண்டும். 13 அடி வண்டி வைத்திருக்கும் தம்பதிகள் பலர் பின்புற மேசையை நிரந்தரமாக இறக்கிக் கட்டிலாகவே விட்டுவிட்டு, முன்சோபாவில் சாப்பிட்டுக்கொள்கிறார்கள். இதை வடிவமைப்பின் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது. இரண்டு பேர் போகும்போது இப்படி, பேரன் பேத்திகள் வரும்போது அப்படி என்று வண்டி இடம்கொடுக்கிறதே, அதுதான் பெருமை. மின்னசோட்டாவின் பேக்கஸில் ஸ்காம்ப் வண்டிகளைச் செய்கிறவர்கள் இதே 13 அடி அமைப்பைப் பெரிய மாற்றமில்லாமல் 1970-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை விற்றுவருகிறார்கள். அளவுகள் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொண்ட வேலையில் திருத்த அதிகம் இருக்காது.

போர்வைக்கு வருகிறேன். புல்மனின் விடை கேரவனுக்குப் பெரும்பாலும் கிடைக்காது, மேலே அவ்வளவு இடமில்லை. இருக்கைக்கடியில் போடலாம் என்றால் அங்கே தண்ணீர்த் தொட்டி, பேட்டரி என்று ஏற்கெனவே குடியிருப்பவை உண்டு. நான் கண்டதில் மனத்துக்குப் பிடித்தது, போர்வையையும் விரிப்பையும் சுருட்டி ஒரு நீள உறையில் திணித்துத் திண்டாகச் சோபாவின் இரு ஓரத்திலும் வைத்துவிடுவது. கைக்குத் தாங்கலாக, முதுகுக்கு அணையாக அதுவும் பகலில் வேலை பார்க்கிறது.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. நம் பக்கத்திலும் குடும்பத்தோடு வண்டியிலேயே தங்கிப் போகும் ஆசை பெருகிவருகிறது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கேரவன் ஆர்டர் வந்தால் நிலையான சோபா ஒன்று, நிலையான கட்டில் ஒன்று என்று போட்டு வண்டியை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். அடுத்த முறை ரயிலேறும்போது மிடில் பெர்த்தின் கீலைக் குனிந்து பாருங்கள், அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். வண்டி கேட்டு வந்தவரைப் பலகையில் உட்காரவைத்து முழங்காலிலிருந்து முதுகுவரை அளவெடுங்கள், அப்புறம் படுக்கவைத்து அளவெடுங்கள். முதலில் சாய்மானத்தின் உயரத்தை முடிவுசெய்யுங்கள். மற்ற அளவுகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.